இந்தக் காருக்குச் சொந்த ஊர் எது?

1

பெட்ரோல் ஊற்றப் போன இடத்தில் ஒருவனுக்கு மானம் போகும் என்று ஒட்டன்சத்திரத்தில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். சில மாதங்களுக்கு முன் பிரிஞ்சாங்கில் எனக்குப் போனது.

விஷயம் இதுதான். மலேசியாவில் இப்போது பெட்ரோலுக்கு இரண்டு விலை. குடிமக்களுக்குச் சலுகை விலை, மற்றவர்களுக்கு முழு விலை. நீங்கள் யார் என்பதை உங்கள் அடையாள அட்டை சொல்லிவிடும். குடிமக்களுடையது நீலம். நிரந்தரமாகத் தங்கலாம், ஆனால் குடிமகன் இல்லை என்று இருக்கும் என்னைப் போன்ற ஆட்களுடையது சிவப்பு. இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கேமரன் மலையில் குடியிருக்கிறேன். தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிறேன். இங்கே பெண் கட்டி, பெண் பெற்று, மாமனாரின் பாடைக்குத் தோள் கொடுத்தவன். அட்டை மட்டும் சிவப்பு.

பழக்க தோஷத்தில் அதைக் கவுண்டரில் நீட்டிவிட்டேன். உள்ளே இருந்தது தமிழ்ப் பெண்தான். அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தாள். "அங்கிள், இது செவப்பு லா. இதுக்கு அந்த வெல கெடையாது" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், பாவம். ஆனால் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அன்றைக்குப் பார்த்துக் காது நன்றாகக் கேட்டது.

என் மகள் தர்ஷினிக்குப் பதினெட்டு வயது. லைசென்ஸ் எடுத்து அப்போதுதான் மூன்று வாரம் ஆகியிருந்தது. என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டித் தன் நீல அட்டையைக் கொடுத்தாள். விலை மளமளவென்று இறங்கியது. அதே கார், அதே குழாய், அதே பெட்ரோல்.

வெளியே வந்ததும் சொன்னாள்: "பரவால்லப்பா. கார் லோக்கல்தானே. நீங்க மட்டும்தான் இம்போர்ட்."

சிரித்தேன். பெற்ற பிள்ளை கிண்டல் பண்ணினால் சிரிக்காமல் என்ன செய்வது? ஆனால் சுருக்கென்றுதான் இருந்தது. 

அந்த வாரமே கடிதம் வந்தது. பல வருஷத்துக்கு முன் போட்டிருந்த குடியுரிமை விண்ணப்பத்துக்கு நேர்முகம், மாநிலத் தலைநகர் குவாந்தானுக்கு வரவும், மனைவியையும் அழைத்து வரவும். இதில் தவறினால் மறுபடியும் முதலிலிருந்து பாரம் நிரப்பி, மறுபடியும் அத்தனை வருஷம் காத்திருக்க வேண்டும். எனக்கு வயது ஐம்பத்துமூன்று. இன்னொரு சுற்றுக்கு என்னிடம் தெம்பு இல்லை. தொழிற்சாலையில் கேட்டவர்களிடம் எல்லாம், "பெட்ரோல் காசு மிச்சமாகும்ல, அதுக்குத்தான்" என்று சொல்லி வைத்தேன்.

2

நான் இங்கே வந்ததே ஓர் இறக்குமதிச் சரக்கோடுதான். கோயம்புத்தூரில் தேயிலை மெஷின் செய்யும் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தேன். இங்குள்ள எஸ்டேட் ஒன்று இலை உருட்டும் மெஷின் வாங்கியது. மாட்டிக்கொடுத்துவிட்டு மூன்று மாதத்தில் திரும்பி வா என்று என்னை அனுப்பினார்கள். மெஷின் கப்பலில் வந்தது, நான் விமானத்தில் வந்தேன். தூள் சலிக்கும் பகுதியில் வேலை செய்த சரசு ஒருநாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்று, "ஏங்க, இது மெஷினா, இல்ல ஒப்பாரியா? எங்களுக்குக் காது போவுது, ஏதாச்சும் பண்ணுங்க" என்றாள். பண்ணினேன். அப்புறம் ஊருக்குப் போய் அம்மாவைச் சம்மதிக்க வைத்து, திரும்பி வந்து கல்யாணமும் பண்ணினேன்.

அந்த மெஷின் இன்றைக்கும் ஓடுகிறது. எல்லாரும் அதை "நம்ம மெஷின்" என்கிறார்கள். கணக்கெழுதும் கிராணியின் புத்தகத்தில் அது எஸ்டேட் சொத்து. என்னை மட்டும் தொழிலாளர் லைன் வீடுகளில் இன்னமும் "இந்தியாக்காரரு" என்றுதான் அடையாளம் சொல்வார்கள்.

கடிதம் வந்த மறுவாரம் எங்கள் பழைய கார் ரிங்லெட் ஏற்றத்தில் உயிரை விட்டது. பதினேழு வருஷம் உழைத்த வண்டி, குறை சொல்ல ஒன்றுமில்லை. குவாந்தானுக்கு மலை இறங்கிப் போக அரை நாள் ஆகும். பஸ்ஸில் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். சரசுவின் அண்ணன் கோபால் விடவில்லை. கொழுந்து ஏற்றும் லோரி ஓட்டுபவர். வண்டி சம்பந்தப்பட்ட எதிலும் கடைசி வார்த்தை அவருடையது. இது வண்டி சம்பந்தப்பட்டது இல்லை என்றாலும் அவருடையதுதான்.

"மாப்ளே, இன்டர்வியூக்கு என்ன கார்ல போறோம்கிறது ரொம்ப முக்கியம்."

"அங்க என்ன கேக்குறாங்கங்கறதுதானே மச்சான் முக்கியம்?"

"ஐயோ, உங்களுக்குத் தெரியாது. ஆபிசருங்க மேல இருந்து சன்னல் வழியா பாப்பாங்க. நாட்டுக் கார்ல வந்து எறங்குனா, இந்தாளுக்கு நாட்டு மேல பாசம் இருக்குன்னு ஒரு மார்க்கு. ஜப்பான் கார்ல வந்து எறங்குனா, இவன் ஜப்பானுக்கே போவட்டும்னு எழுதிடுவாங்க."

"இத யாரு சொன்னா?"

"கம்போங் ராஜால பூத்தோட்டம் வெச்சிருக்காரே ஒருத்தரு, அவரு ஜப்பான் கார்லதான் போனாரு. எட்டு வருசமா பதில் இல்ல."

"நாட்டுக் கார்ல போனவங்க யாராச்சும் உண்டா?"

"ஏன் இல்ல? திரிங்காப்ல ஒருத்தரு போனாரே."

"அவருக்குக் கெடச்சிச்சா?"

"இன்னும் இல்ல. ஆனா அவரு நிம்மதியா காத்திருக்காரு லா."

நீங்கள் சிரிப்பீர்கள். நானும் அன்றைக்குச் சிரித்தேன். ஆனால் பயம் பிடித்த மனுஷன் எதையும் நம்புவான். நேர்முகத் தேதி நெருங்க நெருங்க, அந்தப் பூத்தோட்டக்காரரின் எட்டு வருஷம் என் தூக்கத்தைக் கெடுத்தது. சரி, எப்படியும் ஒரு கார் வாங்கத்தான் வேண்டும், நாட்டுக் காராகவே வாங்கித் தொலைப்போம் என்று முடிவு செய்தேன்.

சரசு மட்டும் மசியவில்லை. திரிங்காப்பில் அவளுக்கு அப்பா வழியில் வந்த சின்னத் தக்காளித் தோட்டம் உண்டு. "எந்த நாட்டுக் காரா இருந்தா என்னா? ரிங்லெட் ஏத்தம் ஏறுமா, பின்னால பத்து பெட்டி தக்காளி அடங்குமா, அத மட்டும் கேட்டுட்டு வாங்க" என்றாள்.

3

ஈப்போவில் இரண்டு கார் கடைகள், சாலைக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றும். இந்தப் பக்கம் நாட்டுச் சின்னம். அந்தப் பக்கம் ஜப்பான் சின்னம்.

நாட்டுச் சின்னக் கடையில் என்னையும் கோபாலையும் வரவேற்றவர் ஆ லெக். ரப்பர் தோட்டத்து லைனில் பிறந்து வளர்ந்த சீனர். என்னைவிட நன்றாகத் தமிழ் பேசினார்.

"வாங்க மாமா. இதுதான் நம்ம காரு. நூத்துக்கு நூறு நம்ம நாட்டுக் காரு."

"எஞ்சின் எங்க செஞ்சது?"

"எஞ்சின் மட்டும் சீனாவுல வரஞ்சது மாமா."

"கியர்பாக்ஸ்?"

"எஞ்சினும் கியர்பாக்ஸும் புருசன் பொண்டாட்டி மாதிரி. பிரிச்சா பாவம். ரெண்டும் சேந்தே வரும்."

"பாடி?"

"டிசைனு அங்க. ஆனா முன்னால ஒட்டியிருக்கு பாருங்க சின்னம், அது சுத்தமா நம்மளது."

நான் கோபாலைப் பார்த்தேன். கோபால் கூரையைப் பார்த்தார்.

சாலையைக் கடந்து ஜப்பான் கடைக்குப் போனோம். அங்கே ஒரு தமிழ் அம்மாள். "அண்ணே, அத விடுங்க. எங்க காருதான் உண்மையான உள்ளூரு. சிலாங்கூர்ல செஞ்சது. சீட்டு நம்ம ஆளுங்க, பம்பரு நம்ம ஆளுங்க, கண்ணாடி நம்ம ஆளுங்க. எந் தங்கச்சி வீட்டுக்காரரே அங்கதான் பெயிண்டு அடிக்கிறாரு. வேணும்னா போன் போட்டுத் தரவா?"

"அப்ப ஜப்பான் எங்கம்மா வருது?"

"சின்னம் மட்டும் ஜப்பான் லா."

ஆக, உள்ளே வெளிநாடும் வெளியே நாட்டுச் சின்னமுமாக ஒன்று. உள்ளே நாடும் வெளியே வெளிநாட்டுச் சின்னமுமாக இன்னொன்று. சாலையை நான்கு முறை கடந்தேன். மூன்றாவது முறைக்கு மேல் கோபால் வர மறுத்து நடுவில் இருந்த திட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "எனக்குத் தல சுத்துது மாப்ளே, நீங்களே முடிவு பண்ணிட்டு வந்து சொல்லுங்க."

எனக்குள் இருந்த ஃபிட்டர் விழித்துக்கொண்டான். ஆ லெக்கிடம் ஒரு டார்ச் வாங்கிக்கொண்டு காருக்கு அடியில் மல்லாக்கப் படுத்தேன். பாகங்களில் பொறித்திருப்பதை ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒன்றில் தாய்லாந்து, வயர்க் கட்டில் இந்தோனேசியா, நிறைய இடங்களில் சீனா, அதே அளவுக்கு மலேசியா. ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியில் இந்தியா என்று இருந்தது. உள்ளங்கை அகலம்கூட இல்லாத பெட்டி. கோயம்புத்தூரிலோ, சென்னைக்குப் பக்கத்திலோ யாரோ ஒருவர் ஷிஃப்ட் முடிவதற்குள் செய்து தள்ளியிருப்பார். எனக்கு வெளியே வர மனசில்லை. கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தேன்.

ஆ லெக் குனிந்து எட்டிப் பார்த்தார். "மாமா, பொண்ணு பாக்க வந்தீங்களா, இல்ல பொண்ணு வம்சத்தயே விசாரிக்க வந்தீங்களா?"

சட்டையில் எண்ணெய்க் கறையோடு எழுந்து நாட்டுச் சின்னத்துக்கே கையெழுத்துப் போட்டேன். சன்னலில் இருந்து பார்க்கும் அதிகாரி காருக்கு அடியில் படுத்துப் பார்க்கப் போவதில்லை, அவர் சின்னத்தைத்தான் பார்ப்பார் என்பது கோபாலின் வாதம். அந்த நேரத்தில் அது எனக்கு அறிவாளித்தனமாகவே பட்டது.

4

ஊரில் என் தம்பி முருகேசனும் அதே மாதம்தான் கார் வாங்கினான். போனில் கூப்பிட்டுச் சொன்னான்.

"நம்மூரு வண்டிதாண்ணே எடுத்திருக்கேன்."

பெயரைச் சொன்னான். "டேய், அது கொரியாக்காரன் வண்டிடா" என்றேன்.

"யாருண்ணே சொன்னா? மெட்ராஸ் பக்கத்துல செஞ்சது. நம்ம ராசு மச்சான் மவன் அங்கதான் கதவு மாட்டுறான். என் வண்டிக் கதவு அவன் மாட்டுனதாக் கூட இருக்கும். அது எப்பிடிண்ணே கொரியா வண்டியாகும்?"

யோசித்துப் பார்த்தால் நம் ஆட்களின் கணக்கு எங்கே போனாலும் ஒன்றுதான். ஈப்போ அம்மாளுக்குத் தங்கை வீட்டுக்காரர் பெயிண்ட் அடித்தால் உள்ளூர். முருகேசனுக்கு ராசு மச்சான் மகன் கதவு மாட்டினால் உள்ளூர். சொந்தக்காரன் கை பட்டுவிட்டால் போதும்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் அப்பாவுக்குக் கமிஷன் மண்டியில் வேலை. நாட்டுத் தக்காளியா, ஹைபிரிட்டா என்று கேட்காமல் ஒருவரும் பெட்டியைத் தொட மாட்டார்கள். நாட்டுத் தக்காளி என்றால் புளிப்பு, மணம், ரசத்துக்கு அதுதான் என்று ஒரு பக்தி. தக்காளி என்ற காயே கடல் தாண்டி வந்ததுதான் என்று ஏழாம் வகுப்பில் படித்துவிட்டு வந்து மண்டியில் சொன்னேன். அப்பா என் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "யாவாரம் நடக்கற எடத்துல வந்து வயித்துல அடிக்காதடா" என்றார். இங்கே சரசு தோட்டத்துத் தக்காளியைச் சிங்கப்பூருக்கு ஏற்றும்போது பெட்டியில் மலேசியா என்று ஒட்டுகிறார்கள். விதை எந்த நாட்டுப் பாக்கெட்டில் வந்தது என்று நான் கேட்பதில்லை. அந்தத் தட்டு இன்னும் தலையில் இருக்கிறது.

5

எங்கள் எஸ்டேட்டில் புது வண்டி வந்தால் முதலில் முனியாண்டி கோயிலுக்குத்தான் போகும். தேயிலைச் சரிவு முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஒரு தகரக் கொட்டகை, உள்ளே மீசையோடு சாமி. பூசாரி தனபாலு மற்ற நாட்களில் எங்கள் தொழிற்சாலையில் இலை வாட்டும் வேலை பார்ப்பவர். அவரிடம் ஒரு வழக்கம். மனிதருக்குச் செய்வது போலவே வண்டிக்கும் பேர், நட்சத்திரம், பிறந்த ஊர் சொல்லித்தான் அர்ச்சனை. "இந்த மலையில வெள்ளக் காரு எத்தன ஓடுது? வெவரம் சொல்லாட்டி சாமி எத காப்பாத்தும்?" என்பார். அவரிடம் இதுவரை யாரும் மறுத்துப் பேசியதில்லை.

பேருக்கு எண் பலகையைச் சொன்னோம். நட்சத்திரத்துக்கு, வண்டியைக் கையில் வாங்கிய நாளைக் காலண்டரில் பார்த்துப் பூராடம் என்றோம். 

"பொறந்த ஊரு?"

"மலேசியா" என்றார் கோபால், மார்பை நிமிர்த்தி.

"சீனா" என்றாள் சரசு.

"அவ கெடக்கா, மலேசியான்னு சொல்லுங்க பூசாரி."

"சாமிகிட்ட பொய் சொல்லாதண்ணே. எஞ்சின் எங்கயோ அதுதானே ஊரு?"

"அப்ப சின்னத்துக்கு மரியாத இல்லியா?"

எலுமிச்சம்பழம் நான்கு சக்கரத்துக்கடியிலும் தயாராக இருந்தது. தட்டில் கற்பூரம் எரிந்து அணைந்தது. தனபாலு பொறுமையாக இன்னொன்று வைத்தார். "மொதல்ல பேசி ஒரு முடிவுக்கு வாங்க. கற்பூரம் என்ன சும்மாவா வருது?"

கோபால் ஆ லெக்குக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நானும் சரசுவும் பூசாரியும் முனியாண்டியும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"ஆ லெக், நம்ம காரு எந்த ஊர்ல பொறந்துச்சு?"

"ஏண்ணே, இன்சூரன்சா?"

"இல்ல லா, அர்ச்சன."

மறுமுனையில் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஆ லெக், "பாகம் பாகமா பொறந்துச்சுண்ணே. பேராக் மாநிலத்துல வெச்சுதான் ஒண்ணா சேத்தாங்க. எங்கம்மா என்னைய வீட்டுல பெத்துட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க, எனக்கே சூராவுல ஆஸ்பத்திரி பேருதான் இருக்கு. எத சொன்னாலும் சாமி கோச்சுக்காது" என்றார். பிறப்புப் பத்திரத்தைத்தான் சூரா என்கிறார்கள்.

இரண்டாவது கற்பூரமும் அணைந்தது. தனபாலு தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சாமியைக் காட்டினார்.

"இவரு எங்க இருந்து வந்தாரு? மதுரப் பக்கம் ஏதோ ஊருல இருந்து எங்க தாத்தாங்க பிடிமண்ணா கப்பல்ல கொண்டாந்தாங்க. இன்னிக்கு வரைக்கும் யாராச்சும் இவருகிட்ட பாஸ்போட்டு கேட்டாங்களா? வண்டி நம்பரு என்னா எழுத்துல தொடங்குது? 'சி'. 'சி'ன்னா பகாங், நம்ம மாநிலம். முடிஞ்சிச்சு." மூன்றாவது கற்பூரத்தை ஏற்றினார். பூராட நட்சத்திரத்தில், பகாங் மாநிலத்தில் பிறந்த எங்கள் காருக்கு அர்ச்சனை ஆனது. எலுமிச்சம்பழம் நான்கும் நசுங்கின.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு பலகையில் ஓர் எழுத்து. காருக்கு இரண்டு நிமிஷத்தில் ஊர் கிடைத்துவிட்டது. அன்றைக்கு அந்தக் கார் மேல் எனக்குப் பொறாமை என்றுகூடச் சொல்லலாம்.

6

நேர்முகத்தில் மலாய் மொழியில்தான் பதில் சொல்ல வேண்டும். தர்ஷினி எனக்கு வாத்தியார் ஆனாள்.

"இந்த நாட்டுல உங்களுக்கு என்னப்பா பிடிக்கும்? மலாய்ல சொல்லுங்க."

சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா, நீங்க நாட்டப் பத்திப் பேசுற மாதிரி இல்ல லா. முட்டைக்கோசு வெல பேசுற மாதிரி இருக்கு."

உண்மைதான். நான் மலாய் கற்றதெல்லாம் தொழிற்சாலையிலும், சரசுவோடு காய்கறி ஏற்றப் போன சந்தையிலும். ஈரம், அழுகல், எடை, பெல்ட் அறுந்தது, லோரி வரவில்லை, நாளைக்குத் தருகிறேன் என்பதற்கெல்லாம் என்னிடம் சொல் இருக்கிறது. பற்று, கடமை, ஒற்றுமை என்பதற்கு இல்லை. தர்ஷினி நல்ல மலாயில் நான்கு வரி எழுதிக் கொடுத்தாள். நாட்டின் வளர்ச்சிக்கு என்னால் இயன்ற பங்கை ஆற்ற விரும்புகிறேன் என்று வரும். அவள் தமிழில் அப்படி ஒரு வாக்கியம் எழுதி நான் பார்த்ததில்லை. தமிழில் அவள் எழுதுவது கடைச் சாமான் பட்டியல் மட்டும்தான், அதிலும் பாதி மலாய். அந்த வருத்தத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவிட்டு, நான்கு வரியையும் மெஷின் சத்தத்துக்கு நடுவே மனப்பாடம் செய்தேன்.

7

குவாந்தானில் அந்த அலுவலகத்துக்கு முன்னால், சன்னல்களுக்கு நேர் கீழே, கோபால் காரை நிறுத்தினார். முன்னால் ஒரு சின்னக் கொடி. சின்னம் மேலே இருந்து தெரியும்படி துணியால் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். எங்களைக் கூப்பிட்ட அறையோ கட்டடத்தின் மறுபக்கம் இருந்தது. அதன் சன்னலுக்கு வெளியே தண்ணீர் டாங்கி ஒன்றைத் தவிர எதுவும் தெரியவில்லை. நான் சரசுவைப் பார்த்தேன். அவள் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்தாள்.

அதிகாரி ஒரு மலாய் அம்மாள். அமைதியான முகம். கோப்பைப் புரட்டிவிட்டு, என் பயத்தைப் பார்த்தோ என்னவோ, சாதாரணமாகத்தான் கேட்டார்: "கேமரனில் இருந்து எப்படி வந்தீர்கள்?"

"காரில், புவான்" என்றேன். மலாயில் அம்மணிகளை அப்படித்தான் அழைக்க வேண்டும். வாய் சும்மா இருக்கவில்லை. "நாட்டுக் கார்."

"எந்தக் கார்?"

பேரைச் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டார். "அது நாட்டுக் காரா? என் கணவர் அது சீனக் கார் என்கிறார். நான் நம்முடையதுதான் என்கிறேன். ஒரு மாதமாக வீட்டில் இதே சண்டை, இன்னும் எதையும் வாங்கியபாடில்லை."

அவ்வளவுதான். மடை உடைந்தது. எஞ்சின் எங்கே வரைந்தது, எங்கே வார்த்தது, வயர் எங்கிருந்து வந்தது, எதிர்க் கடையில் ஜப்பான் சின்னத்துக்குள் எத்தனை சிலாங்கூர் இருக்கிறது, மலை ஏறும்போது எது மூச்சு வாங்கும், பத்துப் பெட்டி தக்காளி எதில் அடங்கும் என்று என் முட்டைக்கோசு மலாயில் கொட்டித் தீர்த்தேன். சரசு மேசைக்கடியில் என் காலை இரண்டு முறை மிதித்தாள். அம்மாள் ஒரு தாளில் குறிப்பெடுத்தார். என் கோப்பில் இல்லை, தன் சொந்தத் தாளில்.

"அப்படியென்றால் கடைசியில் அது யாருடைய கார்?"

"தெரியவில்லை, புவான். அடியில் படுத்துப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை."

முதல்முறையாகச் சிரித்தார். "உங்கள் மலாய் கரடுமுரடு. ஆனால் எல்லாம் புரிகிறது" என்று கோப்பில் ஒரு கட்டத்தில் குறியிட்டார். பிறகு குரல் மாறியது. "சரி. உங்களுக்கு ஏன் இந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும்?"

தர்ஷினியின் நான்கு வரியைத் தேடினேன். ஒரு வரிகூட இல்லை. கார்ப் பேச்சோடு சேர்ந்து அதுவும் போய்விட்டது. அவர் காத்திருந்தார். இத்தனை நாளாக எல்லாரிடமும் சொன்னது நாக்கில் தயாராக இருந்ததால் அதுவே வந்தது.

"பெட்ரோல், புவான். பெட்ரோல் விலை."

அவர் சிரிக்கவில்லை. அதை எழுதினார். அவர் எழுதுவதைப் பார்த்தபோது இருபத்திரண்டு வருஷத்தை நானே கையால் கிழித்துப் போட்டது போல இருந்தது.  

"நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று சரசுவிடம் கேட்டார், மரியாதைக்கு.

சரசு சொன்னாள். மலாயில்தான் சொன்னாள். எனக்கு அது அவள் தமிழிலேயே கேட்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"இவரு பொய் சொல்றாரு புவான். பெட்ரோலுக்கு இல்ல. ஓட்டுப் போடுற அன்னிக்கு நாங்க குடும்பமா பள்ளிக்கூடத்துக்குப் போவோம். இவருதான் காரு ஓட்டிட்டு வருவாரு. எங்கள எறக்கி விட்டுட்டு ரோட்டோரமா கார்லயே ஒக்காந்திருப்பாரு. நான் வெரல்ல மையோட வந்தா, 'என்னா, யாருக்குப் போட்ட?'ன்னு சிரிப்பாரு, கிண்டல் பண்ணுவாரு. ஆனா நான் வர்றத அவரு கவனிக்கிறதுக்கு முன்னால, கேட்டுகிட்ட நின்னு அவரு மொகத்த நான் பாத்திருக்கேன். வரிசையில நிக்கிறவங்களையே பாத்துகிட்டு இருப்பாரு. அந்த மொகத்த இன்னொரு தடவ பாக்க என்னால முடியாது புவான்."

அம்மாள் சரசுவையே பார்த்தார். அப்புறம் கோப்பில் நிறைய நேரம் எழுதினார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. முடிவு தன் கையில் இல்லை, மேலே போய் வரவேண்டும், எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது, காத்திருங்கள் என்றார். இதை எழுதும் இன்றைக்கும் காத்திருக்கிறேன்.

கீழே கோபால் வெயிலில் சிவந்து நின்றார். "மாப்ளே, சன்னல் வழியா பாத்தாங்களா?"

"பாத்தாங்க மச்சான். நல்லாப் பாத்தாங்க."

அந்தச் சந்தோஷத்தில் பின் சீட்டில் ஏறியவர் நெடுஞ்சாலை வருமுன் தூங்கிவிட்டார். நான் ஓட்டினேன். லிப்பிஸ் தாண்டிச் சுங்கை கோயான் காட்டுச் சாலையில் ஏறும்போதுதான் கேட்டேன்.

"என் மொகத்த நீ எப்ப பாத்த சரசு?"

"எல்லாத் தடவையும்தான்" என்றாள். "மொகத்தத் தொடச்சிட்டு ரோட்டப் பாத்து ஓட்டுங்க."